யாருக்குத் தெரிவிக்க வேண்டும்

களம்பூர்,
12.8.2025

திரு. அருணாச்சலம் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஜெயப்ரியா. இந்தப் பெயர் உங்களுக்குத் தெரியும் என்பதால் மேற்கொண்டு அறிமுகம் தேவையில்லை. ஜூன் மாதத்தில் மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் பெயரைச் சொன்னதும் துண்டித்தீர்கள். அதனால்தான் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கிய எதையும் நைனா படிக்காமல் வைக்கமாட்டார் என்று உங்கள் மகன் தீனா சொல்லியிருக்கிறான்.

நேற்று அரிசி மில் வேலையாக ஆரணிக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சுதந்திர தினத்துக்காக பேனர் கட்டியிருக்கிறார்கள். 'தாய்நாட்டுக்காக இன்னுயிர் ஈந்த ஆரணியின் வீரமகன் தீனதயாளன்' என்று ஆளுயர எழுத்து. கீழே வரிசையாக உங்கள் தெருக்காரர்கள் பன்னிரண்டு பேரின் தலைகள். அவர்களுக்கு மேலே தீனா யூனிஃபார்மில் சிரிக்கிறான்.

அந்தப் பக்கம் போனால் அவனுடைய இடது தோளைப் பாருங்கள். நான்கு விரல்கள் தெரியும். பேனர் அடித்தவர் பச்சையைப் பூசி மறைக்கப் பார்த்திருக்கிறார். சுண்டுவிரலில் இருந்த நகப்பூச்சு மட்டும் மறையவில்லை. அவை என் விரல்கள். போளூர் ஸ்டுடியோவில் எடுத்த படம் அது. அவன் பக்கத்தில் நான் நின்றேன். அவன் சிரித்தது நான் சொன்ன ஒன்றுக்கு. என்னை வெட்டிவிட்டு என் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

மே மாதம் உடல் வந்த அன்றும் ஆரணிக்கு வந்தேன். உங்கள் தெருமுனையில் கயிறு கட்டியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். உங்கள் பங்காளி முருகேசன் என்று பிறகு தெரிந்தது.

"யாரும்மா நீ? எந்தூரு?"

"களம்பூருங்க."

"களம்பூர்ல எங்க?"

சொன்னேன். கேட்டதும் முகம் மாறிவிட்டது. "இங்கியே நில்லு. எல்லாரும் பாத்தப்பறம் பாக்கலாம்."

எல்லோரும் பார்த்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அவனுக்காக வானத்தை நோக்கிச் சுட்டார்களே, அந்தச் சத்தத்தை டீக்கடை ஓரமாக நின்றுதான் கேட்டேன்.

இப்போது கடிதம் எழுதுவது இதற்காக மட்டும் இல்லை. ராணுவ ஆவண அலுவலகத்திலிருந்து எனக்குப் பதில் வந்திருக்கிறது. இறந்தவருக்குத் திருமணமாகவில்லை என்று தந்தை எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதை எழுதியது நீங்கள்தானா? 'ஆம்' அல்லது 'இல்லை' என்று ஒரு வரி போதும்.

ஜெயப்ரியா தீனதயாளன்

*

ஆரணி,
20.8.2025

ஜெயப்ரியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதன் முடிவில் நீ போட்டிருக்கும் பெயரை இனி எந்தக் காகிதத்திலும் போடக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

படம் தீனாவின் கூட்டாளி சதீஷ் கொடுத்தது. அதில் யார் கை இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அடுத்த முறை அச்சடிக்கும்போது சுத்தமாக எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

ராணுவத்துக்கு எழுதியது நான்தான். என் மகனுக்குத் திருமணம் ஆகவில்லை. ஆகியிருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்காது. நான்கு தறி ஓடுகிற வீடு இது. பத்திரிகை வைக்காமல், பந்தல் போடாமல், சங்கத்துக்குச் சொல்லாமல் எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணமும் நடந்ததில்லை. அவனும் நீயும் பழகியிருக்கலாம். வயதுக் கோளாறில் ஆயிரம் நடக்கும். பழக்கம் வேறு, உரிமை வேறு.

பென்ஷனை மனதில் வைத்து எழுதியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல். சுற்றி வளைக்காதே.

எங்கள் தெருவில் அவனுக்கு நினைவுக்கல் வைக்கப்போகிறோம். வருகிற ஜனவரியில் திறப்பு. கருங்கல்லில் மார்பளவுச் சிலை, கீழே பெயரும் விவரமும். அந்த நேரத்தில் வந்து நின்று பேஜார் பண்ணாதே. என் மனைவி கெங்கம்மாள் மே மாதத்திலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் பெயர் அவள் காதில் விழக்கூடாது. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் நெசவாளர் சங்க விலாசத்துக்கு எழுது. வீட்டுக்கு எழுதாதே.

வீ. அருணாச்சலம்

*

களம்பூர்,
25.8.2025

திரு. அருணாச்சலம் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி சங்க விலாசத்துக்கே எழுதுகிறேன்.

பென்ஷனைப் பற்றி ஒரே ஒரு முறை சொல்கிறேன். அதை அவனுடைய அம்மாவே வைத்துக்கொள்ளட்டும். மில் எடைமேடையில் எனக்கு வேலை இருக்கிறது. லாரி வந்தால் எடை போட்டுச் சீட்டு எழுதுவேன். அதில் சாப்பிட்டுக்கொள்வேன்.

எனக்கு வேண்டியது வேறு. மே மாதத்திலிருந்து நான் யார் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. என் அம்மா கற்பகம் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டாள். "கட்னவன் செத்தா கூப்புட்டு உக்கார வெச்சி தாலி அறுப்பாங்க. ஒனக்கு அதக்கூட யாரும் பண்ணல. அப்ப நீ கல்யாணம் ஆவாதவதான்" என்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியவில்லை. விதவை என்று சொல்லிக்கொள்வதற்கும் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டியதாகிவிட்டது.

பதிவுச் சான்றிதழின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். 14.11.2024, வியாழக்கிழமை. காலையில் படவேடு கோயிலில் தாலி, மதியம் போளூரில் பதிவு. பந்தல் இல்லை, பத்திரிகை இல்லை. சாட்சிகள் இரண்டு பேர். முதல் கையெழுத்து சதீஷ் போட்டது. உங்களுக்குப் படம் கொடுத்த அதே சதீஷ்தான். அவன் உங்களுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

இரண்டாவது கையெழுத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். பெயரைப் படிக்க மனம் வராவிட்டாலும் எழுத்து அடையாளம் தெரியும். முப்பது வருஷமாகப் பார்க்கிற எழுத்து.

ஜெயப்ரியா தீனதயாளன்

*

ஆரணி,
3.9.2025

ஜெயப்ரியாவுக்கு,

உன் கடிதத்தைச் சங்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது பிரித்தேன். நகலைப் பார்த்ததும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். "இன்னா அருணாச்சலம், கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது கெங்கம்மாள் ராட்டையில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். நகலை அவள் மடியில் போட்டேன்.

"இது உன் கையெழுத்தா?"

ராட்டையை நிறுத்தாமல் பார்த்தாள். "ஆமா."

"சந்தவாசல்ல தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டுப் போனியே, அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தோணலியா ஒனக்கு?"

"சொல்லியிருந்தா அந்த ஒரு நாளையும் அவனுக்கு இல்லாம பண்ணியிருப்ப நீ."

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவள் என்னை 'நீ' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. மிச்சமிருந்த தாரையெல்லாம் சுற்றிக் கூடையில் அடுக்கினாள். மறுநாள் காலையில் ஒரு பையோடு சந்தவாசல் பஸ் ஏறிவிட்டாள். இன்றோடு ஏழு நாள் ஆகிறது. தெருவில் கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. தறியில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். அடுப்பு எரியவில்லை.

உனக்கு இப்போது திருப்தியாக இருக்கும். மகனை மட்டும்தான் கொண்டுபோனாய் என்று நினைத்திருந்தேன்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பார். நீ அவன் கண்ணில் படாமல் இருந்திருந்தால் அவன் இந்த ஊரில் தறியில் உட்கார்ந்திருப்பான். பட்டாளத்துக்கே போயிருக்கமாட்டான். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனை நான் என்ன கேட்க முடியும்? உன்னைத்தான் கேட்க முடியும்.

வீ. அருணாச்சலம்

*

களம்பூர்,
11.9.2025

திரு. அருணாச்சலம் அவர்களுக்கு,

அத்தையின் கையெழுத்தை உங்களுக்குக் காட்டியிருக்கக் கூடாது. யாரிடமும் சொல்வதில்லை என்று அன்று படவேட்டில் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். 'அடுத்த முறை சுத்தமாக எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்' என்று நீங்கள் எழுதிய வரி அந்த வாக்கை மறக்கவைத்தது. அத்தையிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். உங்களிடம் கேட்கவில்லை.

பட்டாளத்துக்கு அவனை அனுப்பியது நான் என்று எழுதியிருக்கிறீர்கள். 2019இல் நடந்தது மறந்துவிட்டதா? தீனா அப்போது எங்கள் மில்லில் நெல் லாரி ஓட்டினான். அதுவரை நானும் அவனும் எடைச் சீட்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை. ஒரு நாள் நீங்கள் வந்தீர்கள். எடைமேடையில் லாரி நிற்கும்போதே கதவைத் திறந்து அவனை இறக்கினீர்கள். இருபது லோடுமேன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கன்னத்தில் அறைந்தீர்கள். "பட்டு நெய்யற வூட்ல பொறந்துட்டு, மூட்ட தூக்கறவங்களோட இன்னாடா வேல ஒனக்கு?" என்றீர்கள். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் போனபிறகு அவன் சீட்டு வாங்க வந்தான். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தான். "உங்க அப்பாகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க" என்றான். எங்களுக்குள் ஆரம்பமானது அன்றைக்குத்தான். அந்த விதத்தில் எங்களைச் சேர்த்துவைத்ததே நீங்கள்தான்.

அவனுக்கு லாரி ஓட்டுவதைத் தவிர வேறு எதிலும் ஆசை இருக்கவில்லை. வேலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்விட்டு வந்து என்னிடம் சொன்னான்: "பட்டாளத்துலயும் லாரிதான். ஆனா அங்க ஓட்டினா நைனாவுக்கு மரியாத." உங்கள் மரியாதைக்காகத்தான் போனான். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

பேனரில் அவன் கையில் துப்பாக்கியை வரைந்து சேர்த்திருக்கிறீர்கள். ஸ்டுடியோவில் அவன் வெறுங்கையோடுதான் நின்றான். அவன் எப்படிச் செத்தான் என்று யூனிட்டிலிருந்து வந்தவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். என்னிடம் சொன்னது அவனோடு இருந்த திருச்சிப் பையன். எல்லையோரத்தில் ஒரு கிராமம். குண்டு விழ ஆரம்பித்ததும் அங்கிருந்த பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றி அடிவாரத்தில் இறக்கிவிட்டிருக்கிறான். ஒரு நடை முடிந்தது. இரண்டாவது நடைக்கு வெறும் வண்டியோடு மேலே போகும்போதுதான் குண்டு வண்டிமேல் விழுந்தது. சாகும்போது அவன் கையில் ஸ்டியரிங்தான் இருந்தது. அதைக் கல்லில் செதுக்க உங்கள் தெருக்காரர்களுக்குக் கூச்சமாக இருக்குமோ என்னவோ.

இன்னொன்று. கல்யாணம் ஆகியிருந்தால் உங்களுக்குத் தெரியாமல் போயிருக்காது என்று எழுதியிருந்தீர்கள். தெரியாமல் போகவில்லை. இந்த வருஷம் பொங்கல் அன்று காலையில் அவன் உங்களுக்குப் போன் செய்து சொன்னான். நீங்கள் ஒரே ஒரு பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அது என்ன என்று எனக்குத் தெரியும். நான் எழுதமாட்டேன். நீங்கள்தான் எழுத வேண்டும்.

தெரிந்துகொண்டே ராணுவத்துக்குப் பொய் எழுதினீர்கள். அதைத் திருத்தி எழுதுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

ஜெயப்ரியா

*

ஆரணி,
24.11.2025

ஜெயப்ரியாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். முதல் முறை எழுதியதில் வசவுதான் இருந்தது. கிழித்துவிட்டேன். மற்ற இரண்டையும் முடிக்க முடியவில்லை.

தீபாவளிக்கு முன் சந்தவாசல் போனேன். கெங்கம்மாளைக் கூப்பிட்டேன். வரவில்லை. தீபாவளி முடிந்து மறுபடியும் போனேன். அப்போதும் வரவில்லை. போன வாரம் மூன்றாவது முறை போனேன். வாசலிலேயே உட்கார வைத்து ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"பொங்க அன்னிக்கு அவங்கிட்ட போன்ல இன்னா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"இப்ப எதுக்கு அது?"

"நான் அடுப்பாண்ட இருந்தேன். புள்ளகிட்டருந்து போன்னு தெரிஞ்சி கைய தொடச்சிகினு வர்றதுக்குள்ள வெச்சிட்டீங்க. இன்னா சொன்னீங்க?"

சொன்னேன். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு "போங்க" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது, அவளிடமே சொல்லியாகிவிட்டது, உன்னிடம் சொல்வதற்கு என்ன என்று தோன்றியது.

நான்தான் எழுத வேண்டும் என்றாய். எழுதுகிறேன்.

பொங்கலுக்குத் தறி நிறுத்தியிருந்தோம். கூடத்தில் முருகேசனும் இன்னும் இரண்டு பங்காளிகளும் இருந்தார்கள். போன் வந்தது. "நைனா, கல்யாணம் பண்ணிக்கினேன். ஜெயப்ரியாதான். ஏப்ரல்ல லீவு கெடைக்கும். வூட்டுக்கு கூட்டிகினு வரட்டா?" என்றான். குரலில் சந்தோஷம்தான் இருந்தது. பயம் இல்லை. அந்தச் சந்தோஷம்தான் எனக்குப் பற்றிக்கொண்டது என்று நினைக்கிறேன். "இனிமே இந்த வூட்டுக்கு போன் பண்ணாத. நீ செத்தா தாக்கல் சொல்லி அனுப்பு" என்று சொல்லிவிட்டு வைத்தேன். யார் என்று முருகேசன் கேட்டான். ராங் நம்பர் என்றேன்.

முருகேசன் பக்கத்தில் இருந்ததால் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். அவன் இல்லாவிட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

மே மாதம் போன் வந்தது. பேசியவர் இந்தியில் ஆரம்பித்து, எனக்குப் புரியவில்லை என்றதும் தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தார். "தீனதயாளனோட அப்பாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த நான்கு மாதத்தில் வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

அதன்பிறகு ஊரே வந்தது. மந்திரி வந்தார். மாலை வந்தது. நான் வீரனின் தந்தை ஆகிவிட்டேன். எங்கே போனாலும் நாற்காலி போடுகிறார்கள். ராணுவத்திலிருந்து படிவம் வந்தபோது, திருமணமானவரா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். ஆம் என்று எழுதினால், என் மகன் என்னிடம் சொன்னான், நான் அதற்கு இன்ன பதில் சொன்னேன் என்பதும் கூடவே வெளியே வரும். இல்லை என்று எழுதினால் அந்தப் போனே வரவில்லை என்று ஆகிவிடும். அப்படி நினைத்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவன் அதை எப்படி எடுத்துக்கொண்டான்? அப்பன் ஏதோ கோபத்தில் சொன்னது என்று விட்டுவிட்டானா? அதன்பிறகு என்னைப் பற்றிப் பேசினானா? வேறு யாரையும் நான் கேட்க முடியாது. சொல்லம்மா.

அருணாச்சலம்

*

களம்பூர்,
1.12.2025

திரு. அருணாச்சலம் அவர்களுக்கு,

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் சிரித்துக்கொண்டே மறந்துவிட்டான் என்று ஒரு கடிதம் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். மறுநாள் மில்லுக்குப் போகும் வழியில் தபால்பெட்டியில் போடாமல் வந்துவிட்டேன். நீங்கள் உண்மையை எழுதியிருந்தீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கல்யாணம் முடிந்து லீவிலிருந்து திரும்பியதும் யூனிட்டில் ஒரு படிவம் வாங்கினான். மனைவி பெயரைச் சேர்ப்பதற்கு. அதிலேயே, உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் முதலில் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு இடம் இருக்கிறது. அதுவரை அங்கே உங்கள் பெயர்தான் இருந்தது. இனி என் பெயரை எழுதவேண்டும். டிசம்பரில் சான்றிதழ் நகலை அவனுக்கு அனுப்பினேன். படிவத்தைப் பூர்த்தி செய்து படம் எடுத்து எனக்குக் காட்டினான். பொங்கல் முடிந்ததும் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். பொங்கலுக்கு வீட்டில் சொல்லிவிட்டு, அதன்பிறகு கொடுப்பதுதான் முறை என்றான்.

பொங்கலுக்குப் பிறகு அந்தப் படிவம் அவன் பெட்டியிலேயே கிடந்தது. பிப்ரவரியில் கேட்டேன். "குடுக்கலாம் இரு" என்றான். மார்ச்சில் கேட்டேன். அதே பதில். ஏப்ரல் கடைசியில் லீவை ரத்து செய்துவிட்டார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. இன்றைக்கே கொடுத்தாக வேண்டும் என்று சண்டை போட்டேன். அப்போதுதான் நீங்கள் சொன்னதை என்னிடம் சொன்னான்.

"நைனா தாக்கல் அனுப்பச் சொல்லிகிறாரு. ஒம்பேர எழுதிட்டா போன் ஒனக்குத்தான் வரும். அப்பறம் அவருக்கு யாரு சொல்றது? நீ போன் பண்ணா எடுப்பாரா?"

"பைத்தியமாட்டம் பேசாத" என்றேன்.

"அவரு கேட்டது அது ஒண்ணுதான், ப்ரியா. கோவம் ஆறட்டும். அப்பறம் மாத்திக்கலாம்."

விளையாட்டாகப் பேசுகிற மாதிரிதான் இருந்தது. அழுதானா என்று போனில் எனக்குத் தெரியவில்லை. நான் கோபத்தில் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பேசினோம். அப்போதும் படிவத்தைக் கொடுக்கவில்லை.

அதனால்தான் மே ஒன்பதாம் தேதி போன் உங்களுக்கு வந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் எடைமேடையில் நின்ற ஒரு டிரைவர் செல்போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இது முன்ன நம்ம மில்லுல ஓட்டிகினு இருந்த தீனா தானே?" என்று திருப்பிக் காட்டினார். வண்டி மேடையிலேயே நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

எப்படி எடுத்துக்கொண்டான் என்று கேட்டீர்கள். மறக்கவில்லை. கோபப்படவும் இல்லை. நீங்கள் கேட்டதைச் செய்தான்.

இதை எழுதினால் எனக்குப் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

ஜெயப்ரியா

*

ஆரணி,
19.1.2026

ஜெயப்ரியாவுக்கு,

டிசம்பர் பத்தாம் தேதி ராணுவ ஆவண அலுவலகத்துக்கு எழுதினேன். நகல் வைத்திருக்கிறேன். வக்கீலிடம் போகவில்லை. நானே எழுதினேன். அதில் உள்ளது இவ்வளவுதான்: 'என் மகன் தீனதயாளன் 14.11.2024 அன்று ஜெயப்ரியா என்பவரை மணந்தார். இது 14.1.2025 முதல் எனக்குத் தெரியும். தெரிந்தே திருமணமாகவில்லை என்று எழுதினேன். அது பொய்.' உன் கடிதத்தில் உள்ள மற்றதை அவர்களுக்கு எழுதவில்லை. அதை யாருக்கும் எழுத முடியாது.

கல்லைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் செதுக்குவதற்கு முன் தெருக் கூட்டம் போட்டார்கள். 'அருணாச்சலம் – கெங்கம்மாள் மகன்' என்று எழுதிவைத்திருந்தார்கள். அதற்குக் கீழே 'ஜெயப்ரியாவின் கணவர்' என்று சேர்க்கவேண்டும் என்றேன். துப்பாக்கி வேண்டாம், லாரி ஓட்டியபோது இறந்தார் என்று போடச் சொன்னேன்.

முருகேசன்தான் ஆரம்பித்தான். "லாரின்னு போட்டா ஆக்சிடெண்டுன்னு நெனப்பாங்க. அதுகூட போவட்டும். இன்னொண்ண எப்டி போடறது? அந்தப் பொண்ணு பேரு நம்ம தெருவுல கல்லுல நின்னா, நாளைக்கி அவங்க ஆளுங்க வந்து மாலை போடுவாங்க. அப்ப இன்னா பண்ணுவ?"

"போடட்டும்" என்றேன்.

"ஒனக்கு புத்தி கெட்டுப்போச்சி. புள்ள போன துக்கத்துல பேசற. நாங்க மன்னிச்சிடறோம்."

துக்கத்தில் பேசவில்லை என்றேன். அவள் பெயர் இல்லாமல் என் மகன் பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சிலை பட்டறையில் நிற்கிறது. ஜனவரி 26 திறப்பு இல்லை. பஸ் ஸ்டாண்டு பேனரையும் கழற்றிவிட்டார்கள். பொங்கலுக்கு என் வீட்டுப்படி யாரும் ஏறவில்லை. தறி ஆட்களில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். உன்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. நடந்தது இது. முன்பு ஊரே நாற்காலி போட்டது, இப்போது சங்கத்தில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

கெங்கம்மாளிடம் இதைச் சொல்லலாம் என்று பொங்கலுக்கு மறுநாள் சந்தவாசல் போனேன். அங்கே இல்லை. போகிக்கு முன்பே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். எங்கே என்று அவள் தங்கை சொல்லமாட்டேன் என்கிறாள். இந்த வயதில் தனியாக எங்கே போயிருப்பாள்? உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது. உயிரோடு இருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

அருணாச்சலம்

*

களம்பூர்,
27.1.2026

திரு. அருணாச்சலம் அவர்களுக்கு,

ஆவண அலுவலகத்திலிருந்து போன வாரம் கூப்பிட்டார்கள். தமிழ் பேசும் ஒருவர். "தீனதயாளனின் மனைவி பேசறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்து அவர் என்ன சொன்னார் என்று பாதிதான் காதில் விழுந்தது. எனக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டீர்கள். அதற்கு நன்றி சொல்லவேண்டும் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு வரவில்லை. என்னுடையதை எடுத்தவர் திருப்பிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கல் நின்றுபோனதில் எனக்கு வருத்தம் இல்லை.

அத்தை இங்கேதான் இருக்கிறார்கள். நலமாக இருக்கிறார்கள். போகிக்கு முதல் நாள் மத்தியானம் எடைமேடைக்குப் பையோடு வந்து நின்றார்கள். "இங்கதான் வேல செய்யறியா நீ?" என்று கேட்டுவிட்டு, சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா உள்ளே விடாமல் வாசலில் நின்றாள். "உங்க தெருவுல எங்கள கயித்துக்கு அந்தாண்ட நிக்க வெச்சீங்க. இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?" என்றாள். அத்தை வாசலில் இருந்த எங்கள் குடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடித்தார்கள். பிறகு, "எம்புள்ள இங்க எங்க உக்காந்து சாப்புடுவான்?" என்று கேட்டார்கள். அம்மா அந்த இடத்தைக் காட்டினாள். அத்தை அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள். அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். நான் போய் உலை வைத்தேன்.

உங்கள் கடிதங்களை அத்தைக்குப் படித்துக் காட்டினேன், கடைசிக் கடிதத்தையும். கூட்டத்தில் நீங்கள் 'போடட்டும்' என்று சொன்ன இடத்தை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்கள். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

உங்களை நான் மன்னிக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

அத்தையைப் பார்க்க வேண்டும் என்றால் நீங்களே வாருங்கள். பகலில் வாருங்கள். மெயின் ரோட்டில் நின்றுகொண்டு ஆள் அனுப்பினால் அத்தை வரமாட்டார்கள், நானும் அனுப்பமாட்டேன். ஆரணி ரோடு ரயில்வே ஸ்டேஷன் தாண்டி எங்கள் காலனிக்குள் நடந்து வரவேண்டும். நாலு தெரு இருக்கிறது. வீடு எது என்று யாரையாவது கேட்காமல் கண்டுபிடிக்க முடியாது. என் பெயரைச் சொல்ல வாய் வராவிட்டால் தீனா வீடு எது என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகள்கூடக் காட்டும்.

ஜெயப்ரியா தீனதயாளன்